நாலு பத்துக்கு வைத்த முத்திரை

அந்த ஊரில் முதுகை நிமிர்த்தி நடக்கிற ஒவ்வொருவரும் கழுகின் தயவால்தான் நடக்கிறார்கள். சரி, இது மிகை. பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதியில், சும்மாவே நன்றாக நடப்பவர்களையும் கழித்துவிடுங்கள். அப்படியும் ஒரு ரயில் நிறைய ஆட்கள் தேறுவார்கள். அவர்கள் முதுகெலும்புக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் செயற்கை டிஸ்க்கை, அது உடம்புக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்த கண் இவருடையது. அந்தக் கண்ணுக்காகத்தான் கழுகு என்ற பெயர். மற்றபடி மூக்கு மழுங்கல், குரல் புறா, வயது நாற்பத்தொன்பது.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலை அந்த டிஸ்க்குகளைத்தான் செய்தது. முதுகெலும்பு என்பது அடுக்கி வைத்த எலும்புகள். ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு. அது நைந்துபோனால் எலும்பு இறங்கி நரம்பை மிதிக்கும். சிலருக்கு நைந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கையாக ஒன்றை வைப்பார்கள். மேலே ஓர் உலோகத் தகடு, கீழே ஓர் உலோகத் தகடு, நடுவே வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ். தகட்டின் வெளிப்பக்கம் எலும்பைப் பிடித்துக்கொள்ளப் பொடிப் பற்கள் இருக்கும். உள்பக்கம் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு வழவழப்பு. அந்த வழவழப்பில் ஒரு கீறல் இருந்துவிட்டால், ஆள் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அது பிளாஸ்டிக்கை உரசிப் பொடியாக்கிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் தெரியாது. ஏழாம் வருடமோ எட்டாம் வருடமோ, மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு, 'மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சே' என்று அந்த ஆள் சொல்லும்போது தெரியும்.

அந்தக் கீறலைக் கண்டுபிடிப்பதுதான் கழுகின் வேலை. இருபத்தாறு வருடம். பௌர்ணமி நிலவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை யார் பாஸ் பண்ணினது?" என்று கேட்டார் என்பது அவர் மனைவி பரப்பிய கதை. அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்களை வாகனத்துக்குள் பூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்வதால் எதுவும் சீக்கிரம் பரவிவிடும்.

பரிசோதனை அறைக்குள் வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு உறை. வெளியே தெரிவது கண் மட்டும். தும்மல் வந்தால் வெளியே ஓடிப் போய்த் தும்ம வேண்டும். ஒரு தட்டில் பதினாறு டிஸ்க். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் முனை வைத்த கிடுக்கியால் எடுத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க நாலு நிமிடம். தட்டு வந்த நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். முடிந்த நேரத்தை எழுதி, தன் முத்திரையை வைக்க வேண்டும். கழுகின் முத்திரை எண் ஏழு. அடுத்தவர் முத்திரையைத் தொடுவது அடுத்தவர் பல் பிரஷ்ஷைத் தொடுவது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள்.

பக்கத்து மேஜையில் பன்னிரண்டாம் எண். அவளை எல்லோரும் மிளகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் பொடிசு, பேச்சில் காரம்.

"அண்ணே, நாற்காலியில முள்ளா இருக்கு? இப்படி நெளியறீங்க," என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"உன் பேச்சுதான் குத்துது தாயே," என்றார் கழுகு.

முள் நாற்காலியில் இல்லை, அவர் முதுகிலேயே இருந்தது. இருபத்தாறு வருடம் குனிந்து மற்றவர்களின் டிஸ்க்கைப் பார்த்த மனிதருக்குத் தன்னுடைய டிஸ்க் ஒன்று நைந்துகொண்டிருப்பது தெரியவில்லை. தெரிந்த பிறகும் வெளியே சொல்லவில்லை. முதுகு போய்விட்டது என்றால் மேஜை போய்விடும், மேஜை போனால் பெயர் போய்விடும் என்று ஒரு பயம். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். வீட்டில் காலுறை போடக் குனிய முடியாமல், காலுறையைத் தரையில் விரித்து வைத்து அதற்குள் காலை நுழைக்க ஒரு வித்தை கண்டுபிடித்தார். மனைவி பார்த்துவிட்டு, "ரிவர்ஸ் பார்க்கிங்கா?" என்று கேட்டார். கழுகு மறு காலுறையை விரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாயங்காலம் வந்தது. நானூற்றுப் பதினெட்டாம் லாட், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதி; ஒரே தட்டு, பதினாறு டிஸ்க். வந்த நேரம் நாலு மணி இரண்டு நிமிடம் என்று எழுதினார். முதல் டிஸ்க்கைப் பார்த்தார், சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதைக் கிடுக்கியில் பிடிக்கும்போது இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. நீர் முட்டிய கண்ணுக்கு மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரியும்? ஒரு வெள்ளை மூட்டம் தெரிந்தது.

'என்னால் இன்றைக்கு முடியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் மிளகு இருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மறுபடி பார்த்துவிடலாம் என்று நினைத்தார். முத்திரையை எடுத்தார், வைத்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பார்க்காத டிஸ்க்குக்கு முத்திரை வைக்கத் துணிந்த மனிதருக்கு, நேரத்தை மாற்றி எழுதத் தோன்றவே இல்லை. ஒரு மணி நேரம் தள்ளி எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம். கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று, கை தானாக எழுதிற்று. முடிந்த நேரம், நாலு பத்து. எழுதிவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவரால் படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியவில்லை. நாலாம் நாள் போனபோது தட்டு இல்லை. பெட்டியில் அடைத்து, கிருமி நீக்கி, அனுப்பியாகிவிட்டது. அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கவும் பயம். எடுத்தால் யாராவது 'என்ன தேடறீங்க?' என்று கேட்பார்களே. தினமும் கோப்பு அலமாரியைத் தாண்டிப் போகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். மூன்று மாதம்.

அதற்குள் முதுகு தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு நாள் கடையில் சில்லறை விழுந்து, எடுக்கக் குனிந்தவர் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டார். மனைவி அவரை அப்படியே காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். ஸ்கேன் எடுத்தார்கள். கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருந்த டிஸ்க் உருத் தெரியாமல் நைந்திருந்தது. சிலருக்கு எலும்புகளைத் திருகாணி போட்டுச் சேர்த்துவிடுவார்களாம். இவருக்குப் பின்பக்க மூட்டுகள் நன்றாக இருப்பதால் செயற்கை டிஸ்க்கே போதும் என்றார் டாக்டர்.

டாக்டர் நல்ல மனிதர். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மாதிரி டிஸ்க்கை எடுத்துக் கழுகின் உள்ளங்கையில் வைத்தார். "பயப்படாதீங்க. இதுதான் உள்ள வைக்கப் போறோம். மேல ஒரு தகடு, கீழ ஒரு தகடு, நடுவுல..."

கழுகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சாம்பிள். ஓரம் சரியா தேய்க்கல. லாட் நம்பரும் இல்ல. இதை வெச்சுடாதீங்க."

டாக்டர் வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தார்.

"அவர் அதைத்தான் டாக்டர் பார்க்கறார், இருபத்தாறு வருஷமா," என்றார் மனைவி. "என்னைக் கூட அவ்வளவு உத்துப் பார்த்ததில்ல. முதுகு வலிக்கு வயித்துப் பக்கமா வெட்டுவீங்களாமே, நிஜமா?"

"முன்னாடியிலேருந்து போனாத்தான் அந்த இடத்துக்கு நேரா வழி."

"அப்ப ஒன்வே," என்றார் மனைவி.

அறுவை சிகிச்சை அன்று காலை, தியேட்டருக்கு வெளியே ஒரு சின்ன அறை. தள்ளுகட்டிலில் பச்சை அங்கியோடு கழுகு படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு மனைவி. ஒரு தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு நர்ஸுகள் டிஸ்க் பெட்டிகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படிக்க, மற்றவர் சரி சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம்.

"சின்ன சைஸ், லாட் நானூத்திரெண்டு."

"சரி."

"நடு சைஸ், லாட் நானூத்திப் பதினெட்டு."

"சரி."

கழுகுக்கு நடு சைஸ் என்று டாக்டர் ஏற்கெனவே அளந்து சொல்லியிருந்தார். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை அவர் கை பிடித்துக்கொண்டது. நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "என்ன சார், திடீர்னு இப்படி ஏறிடுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். "நடு ரோட்டுல வண்டி நின்ன மாதிரி முழிக்கிறீங்க. என்ன?"

சொன்னார். வலி, கண்ணீர், முத்திரை, அலமாரி, எல்லாம். மூன்று மாதமாகச் சொல்லாததைச் சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மனைவி கண்ணாடியைத் துடைத்தார். "இந்த டப்பால இருக்கறது நீங்க பார்த்த ரெண்டுல ஒண்ணா இருந்தா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"வேற டப்பா வேணும்னு கேளுங்க. நம்பர் பிடிக்கலன்னு சொல்லுங்க. நோயாளி என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே கேட்டுப்பாங்க."

கழுகும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பொய், வேறு பெட்டி, தன் முதுகு தப்பித்தது. ஆனால் மீதிப் பெட்டிகள்? அவற்றைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் கழுகு படுத்திருக்கப் போவதில்லை. யாரோ ஒரு தபால்காரர், யாரோ ஒரு டீச்சர், தாளில் விழுந்த ஏழாம் எண் முத்திரையை நம்பிப் படுத்திருப்பார்கள்.

"நான் தப்பிச்சுடுவேன்," என்றார். "மத்தவங்க?"

"சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். முத்திரையைப் பிடுங்கிடுவாங்க."

மனைவி எழுந்தார். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் போட்டார். "நான் காலையில நாலு பேருக்குச் சேர்த்துச் சொல்லித் தரேன். வீடு ஓடும். டாக்டரைக் கூப்பிடட்டுமா, நீங்களே கூப்பிடறீங்களா?"

கழுகு நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். தலையில் நீலத் தொப்பியோடு டாக்டர் வந்தார்.

"அந்த நானூத்திப் பதினெட்டைத் திறக்காதீங்க டாக்டர்."

"ஏன், இதுவும் ஓரம் சரியில்லையா?" என்று சிரித்தார் டாக்டர்.

"அதைப் பாஸ் பண்ணினது நான். பார்க்காம பாஸ் பண்ணிட்டேன். பதினாறுல பதினாலு பார்க்கல."

டாக்டரின் சிரிப்பு மெதுவாக உள்ளே போயிற்று. நர்ஸிடம், "இவரை இன்னிக்கு ரெண்டாவதா எடுத்துக்கலாம். அந்த டப்பாவைத் தனியா வைங்க," என்றார். கழுகிடம் திரும்பி, "உங்க கம்பெனியில யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டார்.

தரப் பிரிவுத் தலைவியைக் கூப்பிட வேண்டும். மேடம் என்று சொன்னாலே தொழிற்சாலையில் எல்லோரும் நாற்காலியில் நேராக உட்காருவார்கள். மனைவி எண்ணைப் போட்டுத் தொலைபேசியைக் கழுகின் காதில் வைத்தார். கழுகு சொன்னதை மேடம் இடையில் பேசாமல் கேட்டார். கடைசியில், "லைன்ல இருக்க வேண்டாம். தாளை எடுத்துப் பார்த்துட்டு நானே கூப்பிடறேன்," என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் காத்திருந்த நேரத்தை எப்படி அளப்பது? ஒன்றரை மணி நேரம் என்றது சுவர்க் கடிகாரம். அந்த நேரத்துக்குள் கழுகு மனதுக்குள்ளேயே வேலையை விட்டு, மனைவியின் டிரைவிங் ஸ்கூலில் வண்டி கழுவச் சேர்ந்து, வண்டியிலும் கீறல் கண்டுபிடித்து, மனைவியிடமும் திட்டு வாங்கிவிட்டார். கூரையில் ஒரு டைல் மட்டும் கால் அங்குலம் இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

தொலைபேசி அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"தாள் என் கையில இருக்கு," என்றார் மேடம். "வந்த நேரம் நாலு ரெண்டு. முடிஞ்ச நேரம் நாலு பத்து. முத்திரை ஏழு."

"ஆமாம் மேடம்."

"தாளைத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பின்பக்கம் இன்னொரு வரி இருக்கு. அதே நாள். ஆரம்பிச்சது நாலு முப்பத்தஞ்சு, முடிஞ்சது அஞ்சு அம்பது. பதினாறையும் மறுபடி பார்த்தது. மூணு ரிஜெக்ட், காரணம் கீறல். பதிமூணு பாஸ். முத்திரை பன்னெண்டு. வெளியே போன பதிமூணும் ஒவ்வொண்ணா பார்த்துப் போனதுதான்."

கழுகு கம்பியை விட்டார். பிடித்த பிடியில் உள்ளங்கையில் கம்பியின் கோடு பதிந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மழுங்கல் மூக்கு வழியாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. மனைவி அங்கியின் ஓரத்தாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"இருங்க, அவளே பேசணும்கறா," என்றார் மேடம்.

"அண்ணே," என்றது மிளகின் குரல். "பதினாறு டிஸ்க்கை எட்டு நிமிஷத்துல பார்க்க நீங்க என்ன மெஷினா? நீங்க கிளம்பின பிறகு தாளை எடுத்து அடுக்கினேன், நேரத்தைப் பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. வேலையை விட்டுட்டு நேரத்தை மட்டும் ஒழுங்கா எழுதியிருக்கீங்க. நேரத்துலயும் கை வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். மூணு மாசமாப் பார்த்தேன். அலமாரிப் பக்கம் போனாலே கழுத்தைத் திருப்பிக்கறீங்க. கழுத்துலயும் டிஸ்க் போயிடுச்சோன்னு நினைச்சேன்."

மேடம் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "இதுல ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. அவ மறுபடி பார்த்தது சரி, பின்பக்கம் எழுதிட்டு வாயை மூடிக்கிட்டது தப்பு. உங்க முத்திரை ரெண்டு மாசம் என் இழுப்பறையில இருக்கும். திரும்பி வந்ததும் முதல்ல அவகிட்ட உக்காந்து மறுபடி பயிற்சி. அப்புறம்," என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், "உசரம் ஏத்தி இறக்கற மேஜை ஒண்ணு கேட்டு எழுதியிருக்கேன். வலின்னா வலின்னு சொல்லுங்க, மனுஷங்கதானே எல்லாரும்."

வேலை போகவில்லை. முத்திரையும் இரண்டு மாதத்துக்குத்தான் போகிறது. கழுகுக்கு இதெல்லாம் அப்புறம்தான் காதில் ஏறியது. பதிமூணு என்ற எண்தான் முதலில் ஏறியது. பதிமூன்று பெட்டிகள் எங்கெங்கேயோ போயிருக்கின்றன. எல்லாம் சுத்தமாகப் போயிருக்கின்றன. அந்தத் தபால்காரர் இனி மாடியேறலாம். அந்த டீச்சர் குனிந்து சாக்பீஸ் எடுக்கலாம்.

நர்ஸ் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தார். "என்ன மருந்து சார் கொடுத்தாங்க? இப்படி இறங்கிடுச்சு."

டாக்டர் கையில் தாளோடு வந்தார். தொழிற்சாலையிலிருந்து அவருக்கும் அதே செய்தி எழுத்தில் வந்திருந்தது. "அந்த டப்பாவையே திறக்கலாமா, இல்ல வேற வேணுமா?"

"அவ பார்த்ததுன்னா கண்ணை மூடிக்கிட்டு வைங்க டாக்டர்."

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டே வைக்கறேன்," என்றார் டாக்டர்.

மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் ஒரு பாரம், தொண்டையில் ஒரு வறட்சி. இடது காலை அசைத்துப் பார்த்தார். பயந்து பயந்து கட்டைவிரலை மடக்கினார். கரண்ட் அடிக்கவில்லை. மறுபடி மடக்கினார். அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் கட்டைவிரலை மடக்குவதும் நீட்டுவதுமாகவே கிடந்தார். மறுநாள் இரண்டு நர்ஸுகள் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றார். மனைவி கட்டிலின் அந்தக் கோடியில் நின்று, "முதல் கியர்லயே வாங்க. அவசரமில்ல," என்றார். நாலு அடி வைத்தார். நாலாவது அடியில் நிமிர்ந்து பார்த்தவர், மனைவியைவிடத் தான் உயரம் என்பதை வெகு நாள் கழித்து மறுபடி கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மிளகு ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தாள். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. நேராகப் படுக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்து, "எப்படி, உள்ள நல்லா உக்காந்திருக்கா என் சரக்கு?" என்று கேட்டாள். பழத்தை உரித்துச் சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் கணுக்கால் உடைந்து படுத்திருந்த டாக்ஸிக்காரருக்கும் ஒன்று போயிற்று. அவருக்குப் பொழுது போகவில்லை. இவர்கள் பேச்சில் பாதி புரிந்து, மீதியையும் தெரிந்துகொள்ளத் துடித்தார்.

கழுகு முழுக்கதையையும் அவருக்குச் சொன்னார். வலியைச் சொன்னார், முத்திரையைச் சொன்னார், தன் மேல் தப்பு என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே சார்," என்றார் டாக்ஸிக்காரர். "இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"பதினாறுல மூணு கெட்டது இருந்திருக்கு," என்றார் கழுகு. "இவ மட்டும் பார்க்கலன்னா அந்த மூணும் மூணு பேர் முதுகுக்குப் போயிருக்கும். ஏழெட்டு வருஷம் கழிச்சு மூணு வீட்டுல மூணு பேர் படியேற முடியாம நின்னிருப்பாங்க. கண்ணை மூடினா அந்த மூணு பேர்தான் வரிசையா நிக்கறாங்க."

சுளையை வாய்க்குக் கொண்டுபோன மிளகின் கை பாதியில் நின்றது.

"ரெண்டு," என்றாள்.

"என்ன ரெண்டு? மூணு. மேடம் படிச்சாங்களே, கீறல் மூணுன்னு."

"தாள்ல மூணுதான் அண்ணே." மிளகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மூணாவது நல்லாத்தான் இருந்துச்சு. என் கிடுக்கியிலேருந்து நழுவித் தரையில விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தேன், கீறியிருந்துச்சு. கீழ விழுந்ததுன்னு எழுதினா தனியா ஆறு பக்கம் எழுதணும். மணி அப்பவே ஆறாகப் போகுது. கீறல்னு எழுதினேன், அது பொய்யும் இல்லையே. நீங்க ரெண்டு பேரை மட்டும் நினைச்சாப் போதும். மூணாவது ஆளை என் பக்கம் அனுப்பிடுங்க."